சாரணர் குழுவுக்கு வேண்டிய பெரியவர்கள்

சாரணர் இயக்கம் என்றவுடன், கழுத்தில் ஸ்கார்ஃப் எனப்படும் வண்ணத் துணியைக் கட்டிக்கொண்டு குடியரசு நாள் அணிவகுப்பில் நடந்துவரும் சிறுவர் சிறுமியரே பலருக்கும் நினைவுக்கு வருகின்றனர். அவர்களை அந்தத் திடலுக்குக் கொண்டுவந்து சேர்த்த பெரியவர் ஓரமாக நிற்பது பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. வாரந்தோறும் குழுவைக் கூட்டிப் பயிற்சியளித்து, ஆண்டுக்கு ஓரிரு முறை முகாமுக்கு அழைத்துச் சென்று, பிள்ளைகளை நலமாகப் பெற்றோரிடம் திரும்ப ஒப்படைக்கும் பொறுப்பை ஊதியமின்றி ஏற்கும் இவரையே சாரணர் தலைவர் என்கின்றனர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சாரண ஆசிரியர் என்பதே இவருக்கு வழக்கமான பெயர். சிறுமியர் குழுவை நடத்துபவர் சாரணிய ஆசிரியை எனப்படுவார். 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியுள்ள இவ்வியக்கம் இத்தகைய தன்னார்வலர்களை நம்பியே நடக்கிறது என்பதும், அவர்கள் குறையும் இடத்தில் அது வெறும் சீருடையாகச் சுருங்கிவிடுகிறது என்பதும் அதன் நூற்றாண்டு கடந்த வரலாற்றிலிருந்து தெளிவாகத் தெரிகின்றன.

இயக்கத்தை நிறுவிய ராபர்ட் பேடன்-பவல் (1857–1941) பிரித்தானியப் படை அதிகாரி. 1899–1900-இல் தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகரம் முற்றுகைக்கு உள்ளானபோது, அங்கிருந்த சிறுவர்கள் செய்தி கொண்டு செல்வது போன்ற பணிகளைப் பொறுப்புடன் செய்ததைக் கண்ட அவர், நம்பி ஒப்படைத்தால் சிறுவர்கள் பெரியவர்களுக்கு நிகராக நடந்துகொள்வர் என்ற முடிவுக்கு வந்தார். இதனைச் சோதித்துப் பார்ப்பதற்காக 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்தை அடுத்த பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ 20 சிறுவர்களுடன் ஒரு முகாம் நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயின்ற உயர்தரப் பள்ளிகளைச் சேர்ந்தவர்களும் அப்பகுதியின் உழைக்கும் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் ஓநாய், காளை, அண்டங்காக்கை, கோட்டான் என்னும் கடற்கரைப் பறவை ஆகியவற்றின் பெயர்கொண்ட நான்கு அணிகளில் கலந்து பிரிக்கப்பட்டனர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன் ஆக்கப்பட்டான்.

அடுத்த ஆண்டில், 1908-இல், சிறுவர்களுக்கான சாரணியம் என்ற பொருள்படும் அவருடைய நூல் இரு வாரத்துக்கு ஒரு பகுதியாக ஆறு பகுதிகளில் வெளிவந்தது. அதன் பின் நடந்தது எவரும் எதிர்பாராதது. பெரியவர்கள் அமைப்பு ஒன்றை உருவாக்கி அதில் பிள்ளைகளைச் சேர்க்கும் வழக்கத்துக்கு மாறாக, பிரித்தானியாவின் பல ஊர்களில் சிறுவர்கள் அந்நூலைப் படித்துத் தாமே அணி சேர்ந்துகொண்டு, தங்களை வழிநடத்த ஒரு பெரியவரைத் தேடிச் சென்றனர். சாரணர் தலைவர் என்ற பொறுப்பு இவ்வாறு பிள்ளைகளின் அழைப்பிலிருந்தே பிறந்தது. பிள்ளைகளின் விருப்பத்துக்குப் பெரியவர் துணை நிற்பதே இதன் இயல்பு என்பதை இத்தொடக்கம் அன்றே வகுத்துவிட்டது எனலாம்.

இத்தகைய துணை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இயக்கம் தந்த விடையே அணி முறை ஆகும். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு கூட்டம் ஓர் அணி. நான்கு அணிகள் வரை சேர்ந்தது ஒரு குழு. அணியின் தலைவரும் அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவரும் ஏறத்தாழ அதே வயதுப் பிள்ளைகளே. முடிச்சுப் போடுவதையும் திசைகாட்டியைக் கொண்டு வழி கண்டறிவதையும் முதலுதவியையும் வயது வந்த தலைவர் அணித் தலைவர்களுக்குக் கற்பிக்க, அவர்கள் தத்தம் அணியினருக்குக் கற்பிப்பர். அணித் தலைவர்கள் கூடி அமரும் மன்றத்துக்குக் கௌரவ மன்றம் என்று பெயர். அடுத்த மாதம் என்ன செய்வது, முகாமுக்கான பணத்தை எப்படிச் செலவிடுவது, ஒழுங்கு மீறியவரிடம் எவ்வாறு நடந்துகொள்வது என்பனவற்றை அம்மன்றமே முடிவு செய்யும். வயது வந்த தலைவர் அதில் ஆலோசகராக மட்டுமே அமர்கிறார். ஒரு குழுவில் 32 பேருக்கு மேல் இருக்கலாகாது என்பதற்கும் பேடன்-பவல் ஒரு காரணம் சொன்னார்: தம்மால் ஏறத்தாழ 16 பேரையே தனித்தனியாக அறிந்து வளர்க்க முடியும் என்றும், மற்றவர்கள் தம்மைவிட இருமடங்கு ஆற்றல் உடையவர்கள் என்று வைத்துக்கொண்டாலும் 32-க்கு மேல் இயலாது என்றும் அவர் எழுதினார். ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் குடும்ப நிலையும் அச்சமும் ஆர்வமும் தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்தக் கணக்கினுள் அடங்கியுள்ளது.

சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் அணி முறை நடைமுறையில் மிகக் கடினமானது. பதின்மூன்று வயதுச் சிறுமி தன் அணியினருக்குக் கூடாரம் அடிக்கக் கற்றுத்தரும்போது கயிற்றைத் தவறாக இழுத்துக் கட்டுவாள். அருகில் நிற்கும் ஆசிரியைக்கு அது உடனே தெரியும். இரண்டு நிமிடங்களில் தாமே சரிசெய்துவிடவும் முடியும். ஆயினும், கூடாரம் சரிந்து, அதன் காரணத்தை அந்தச் சிறுமியே கண்டறிந்து மீண்டும் கட்டும்வரை காத்திருப்பதுதான் இங்கே பயிற்சி எனப்படுகிறது. வகுப்பறையில் நேரத்தோடு பாடத்தை முடித்துப் பழகியவர்களுக்கு இந்தக் காத்திருப்பு எளிதில் வருவதில்லை. அதே வேளையில், தவறினால் உயிருக்கோ உடலுக்கோ ஊறு நேரக்கூடிய செயல்களில், அதாவது நீரிலும் நெருப்பிலும் உயரத்திலும், தலைவர் ஒரு கணமும் காத்திருக்கலாகாது. எங்கே விட்டுவிடுவது, எங்கே குறுக்கிடுவது என்று பிரித்தறியும் இந்தத் தேர்ச்சியே சாரணர் தலைவருக்குரிய முதல் தகுதி; முடிச்சு வகைகளைக் கற்பதெல்லாம் அதற்குப் பின்னர்தான்.

அணி முறையை விளக்கும் முதல் நூல்களில் ஒன்றை எழுதிய ரோலண்ட் பிலிப்ஸ், செல்வாக்கு மிக்க குடும்பத்தில் பிறந்தும் கிழக்கு லண்டனின் ஏழைக் குடியிருப்புகளில் சாரணர் பணியைத் தேர்ந்துகொண்டவர். 1916-இல் முதல் உலகப் போரின் சோம் போர்முனையில் உயிரிழந்தார். அப்போர்க் காலத்தில் ஆண்கள் படைக்குச் சென்றுவிட, இளஞ்சிறார்களுக்காக அதே 1916-இல் முறையாகத் தொடங்கப்பட்ட குருளையர் குழுக்களைப் பெரிதும் பெண்களே ஏற்று நடத்தினர். தலைவர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்ற உணர்வு போருக்குப் பின் வலுப்பெற்றது. டி புவா மக்லாரன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அளித்த நன்கொடையால் லண்டனுக்கு அருகில் கில்வெல் பூங்கா 1919-இல் வாங்கப்பட்டது; அவ்வாண்டு செப்டம்பரில் தலைவர்களுக்கான முதல் பயிற்சி முகாம் அங்கு நடந்தது. பயிற்சியை நிறைவு செய்தவர்களுக்குத் தோல் கயிற்றில் கோத்த இரண்டு சிறு மரமணிகள் அளிக்கப்பட்டன. உட் பேட்ஜ் எனப்படும் அந்த மரமணிச் சின்னமே இன்றும் உலகெங்கும் தேர்ந்த சாரணர் தலைவரின் அடையாளமாக இருக்கிறது.

இந்தியாவில் கேப்டன் டி.எச். பேக்கர் 1909-இல் பெங்களூரில் தொடங்கிய குழுவே முதலாவது என்பர். ஆனால் தொடக்கக் காலக் குழுக்களில் இந்தியச் சிறுவர்களுக்கு இடமில்லை. அந்தத் தடையைத் தன்னார்வலர்களே உடைத்தனர் என்பது பெருமையுடன் நினைக்கத்தக்கது. 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையார் ஜி.எஸ். அருண்டேலின் துணையுடன் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். வடக்கே மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் 1918-இல் அலகாபாத்தில் சேவா சமிதி சாரணர் சங்கத்தை அமைத்தனர். நாட்டு விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7 அன்று, பல்வேறு சங்கங்கள் இணைந்து பாரத சாரணர் இயக்கமாக உருவெடுத்தன; 1951-இல் சாரணியர் சங்கமும் அதனுடன் சேர்ந்தது. பொதுச் சொத்தைப் பாதுகாக்க உதவுவதும் சாரணர் விதிகளுள் ஒன்றாக இந்திய அமைப்பில் இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது. இவ்வியக்கத்தின் 75-ஆம் ஆண்டையொட்டி, ஜம்போரி எனப்படும் பெருந்திரளணி 2025 ஜனவரி இறுதியில் திருச்சி மாவட்டம் மணப்பாறையில் நடந்தது. இலங்கையிலோ 1912-இல் மாத்தளை கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் பிரான்சிஸ் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் தொடங்கிய குழுவிலிருந்து இயக்கம் வளர்ந்தது.

இந்திய அமைப்பில் ஏறத்தாழ பத்து வயது வரையுள்ள சிறுவர்கள் குருளையர் என்றும் சிறுமியர் நீலப்பறவையர் என்றும், அதன்பின் பள்ளிப் பருவம் முடியும்வரை சாரணர், சாரணியர் என்றும், இருபத்தைந்து வயது வரையுள்ள இளைஞர்கள் திரிசாரணர், திரிசாரணியர் என்றும் வகுக்கப்பட்டுள்ளனர். தலைவராக விரும்புவோர் முதலில் ஏழு நாள் அடிப்படைப் பயிற்சியைப் பெற்று, குழுவைச் சில காலம் நடத்திப் பழகி, பின்னர் உயர்நிலைப் பயிற்சிக்குச் செல்வர். அதற்கும் மேலே ஹிமாலயன் உட் பேட்ஜ் எனப்படும் பயிற்சி உள்ளது. மத்தியப் பிரதேசத்தின் பச்மாடி மலைநகரில் இயங்கும் தேசியப் பயிற்சி மையம் இதற்குப் பெயர்பெற்றது. இப்பயிற்சிகளில் ஆசிரியரும் அதிகாரியும் முதியவரும் இளைஞரும் அணிகளாகப் பிரிந்து, தாமே விறகு வைத்துச் சமைத்து, பாத்திரம் கழுவி, கூடாரத்தில் உறங்கி, பிள்ளைகள் அடையப்போகும் அனுபவத்தை முன்னதாகத் தாம் அடைகின்றனர்.

முகாமே இப்பணியின் உச்சம்; தலைவரின் கவலைகளும் அங்கேதான் பெருகுகின்றன. இடத்தை முன்கூட்டியே சென்று பார்த்து, குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பிட வசதி சிறுமியருக்குப் போதுமானதா, அருகிலுள்ள அரசு மருத்துவமனை எவ்வளவு தொலைவில் உள்ளது, அங்கே பாம்புக்கடிக்கான நச்சுமுறி மருந்து இருக்கிறதா என்பனவற்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலுடன், ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள ஒவ்வாமை, வலிப்பு, மூச்சிரைப்பு போன்ற நலக் குறிப்புகளையும் பெற்று, உடனே எடுக்கக்கூடிய வகையில் கையோடு வைத்திருக்க வேண்டும். கிணறு, ஏரி, ஆறு ஆகியவற்றின் அருகே கூடுதல் எச்சரிக்கை தேவை: ஆழம் அளக்கப்பட்டு, எல்லைக் கயிறு கட்டப்பட்டு, நீந்தத் தெரிந்த பெரியவர்கள் கரையில் காவல் நின்றாலன்றி ஒரு பிள்ளையும் நீரில் இறங்கலாகாது, இறங்குவோரும் இருவர் இருவராக ஒருவரையொருவர் கண்காணித்தபடியே இறங்க வேண்டும்.

திட்டமிட்ட முகாமைக் கைவிடும் துணிவும் தலைவருக்கு வேண்டும். 2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமங்கும் என்னும் கடற்கரை நிலத்தில் 40,000-க்கும் மேற்பட்டோர் கூடிய உலக ஜம்போரியில், கடும் வெப்பத்தால் நூற்றுக்கணக்கானோர் நலிவுற்றனர். பிரித்தானிய, அமெரிக்கக் குழுக்களை அவற்றின் பொறுப்பாளர்கள் நிகழ்ச்சி முடியும் முன்பே வெளியேற்றினர். பின்னர் புயல் எச்சரிக்கையால் முகாம் முழுவதுமே காலி செய்யப்பட்டது. பல ஆண்டுகள் பணம் சேர்த்து வந்த பிள்ளைகளின் ஏமாற்றத்தையும் பொருட்படுத்தாமல் அப்பொறுப்பாளர்கள் எடுத்த வெளியேறும் முடிவு சரியானது. தமிழ்நாட்டுக் கோடையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் முகாம் நடத்த முனைவோர் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

இதைவிடக் கசப்பான ஒரு செய்தியையும் மறைக்காமல் சொல்வது கடமையாகிறது. பிள்ளைகளோடு தனித்திருக்கும் வாய்ப்பைத் தரும் எந்த அமைப்பும் தீயவர்களையும் ஈர்க்கும். அமெரிக்கச் சாரணர் அமைப்பு, பல பத்தாண்டுகளாக நடந்த பாலியல் கொடுமைகள் தொடர்பான வழக்குகளால் 2020 பிப்ரவரியில் திவால் பாதுகாப்பு கோரியது. 80,000-க்கும் மேற்பட்டோர் தாம் பாதிக்கப்பட்டதாக முன்வந்து முறையிட்டனர். தமிழ்நாட்டிலும் 2024-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தேசிய மாணவர் படையின் பெயரைப் போலியாகப் பயன்படுத்திப் பள்ளியொன்றில் நடத்தப்பட்ட முகாமில் மாணவியர் கொடுமைக்கு உள்ளாயினர். ஆகவே, பெரியவர் எவரும் ஒரு பிள்ளையுடன் தனித்திருக்கலாகாது, எந்நேரமும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், சிறுமியர் முகாமில் பெண் பொறுப்பாளர்கள் கட்டாயம் தங்க வேண்டும், பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் உறங்கலாகாது என்ற விதிகளை நல்ல தலைவர் தம்மீதான ஐயமாகக் கருதாமல் தாமே முன்னின்று கடைப்பிடிப்பார். முகாம் நடத்துவோர் உரிய மாவட்ட அமைப்பின் ஒப்புதல் பெற்றவர்கள்தாமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றோருக்கு உண்டு. கேட்பதற்குத் தயங்கவே கூடாது. குற்றம் நடந்ததை அறிந்தும் காவல் துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைத் தலைவர்களும் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு உழைப்பால் பிள்ளைகளுக்கு விளையும் பயன் என்ன என்ற வினாவுக்கு ஓரளவு விடை தரும் ஆய்வொன்று உண்டு. பிரித்தானியாவில் 1958-இல் ஒரே வாரத்தில் பிறந்த பல்லாயிரம் பேரை வாழ்நாள் நெடுகத் தொடர்ந்துவரும் ஆய்வின் தரவுகளை எடின்பரோ, கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டனர். சிறுவயதில் சாரணராகவோ சாரணியராகவோ இருந்தவர்களுக்கு ஐம்பது வயதில் மனப்பதற்றம், மனச்சோர்வு போன்றவை ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாக இருந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிர, காரணத்தை ஐயமற நிறுவாது. எனினும், குழுவாக இயங்கவும் தானே முடிவெடுக்கவும் திறந்தவெளியில் வாழவும் கற்ற பருவம் நெடுநாள் நன்மை பயக்கும் என்பது நம்பத்தக்கதே.

தமிழ்நாட்டில் இன்றுள்ள நிலைமையை நோக்கினால், குழுக்கள் பெரும்பாலும் பள்ளிகளைச் சார்ந்தே இயங்குவதால் தலைவர் பொறுப்பும் ஆசிரியர் மீதே விழுகிறது. விருப்பத்துடன் ஏற்று, மாலை நேரங்களையும் விடுமுறைகளையும் கைப்பணத்தையும் செலவிடும் ஆசிரியர்கள் பலர் உள்ளனர். அவர்களுக்கு இச்சமூகம் உரிய நன்றியைச் செலுத்தியதில்லை. ஆனால் பாட வேளைகள், தேர்வுப் பணி, கணக்கெடுப்பு ஆகியவற்றுக்கு மேல் ஒரு சுமையாக இப்பொறுப்பைச் சுமத்தினால், அணி முறை கைவிடப்பட்டு அணிவகுப்பு மட்டுமே எஞ்சுகிறது. அந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றதும் குழுவும் கலைந்துவிடுகிறது. சான்றிதழ் ஆசை மற்றொரு கேடு. பிரவேசம் என்னும் தொடக்க நிலையிலிருந்து படிப்படியாக ஏறி, மாநில அளவில் ராஜ்ய புரஸ்கார், நாட்டளவில் குடியரசுத் தலைவர் விருது என்று செல்லும் தேர்ச்சி நிலைகள், பிள்ளை ஒவ்வொரு திறனையும் தன் வேகத்தில் கற்பதற்காக வகுக்கப்பட்டவை. ரயில்வே போன்ற துறைகளில் சாரணர்களுக்கென இட ஒதுக்கீடு இருப்பதால், பெற்றோர் விருதையே குறிக்கோளாகக் கொள்வதும், பதிவேடுகளை நிரப்புவதே தலைவரின் வேலையாகிவிடுவதும் நேர்கின்றன. நேர்மையைப் பயிற்றுவிக்க வந்த இயக்கத்தில், செய்யாத தொண்டைச் செய்ததாக எழுதும் பழக்கம் நுழைய ஒருபோதும் இடம் தரலாகாது.

இந்நிலை மாறுவதற்கு வழி, பள்ளிக்கு வெளியே உள்ள பெரியவர்கள் இப்பணிக்கு வருவதே. பிரித்தானியாவில் ஒரு குழுவை நடத்துபவர் செவிலியராகவோ பேருந்து ஓட்டுநராகவோ பிள்ளைகளின் தாய் தந்தையராகவோ இருப்பது இயல்பு. அங்கும் போதிய தலைவர்கள் கிடைக்காமையால் பல்லாயிரம் பிள்ளைகள் சேர்க்கைக்காகக் காத்திருக்கின்றனர் என்பதிலிருந்து இப்பற்றாக்குறையின் பரப்பை உணரலாம். இந்தியாவிலும் பள்ளியைச் சாராத திறந்தநிலைக் குழுக்களை அமைப்பதற்கு விதிகள் இடம் தருகின்றன. முழுப் பொறுப்பையும் ஏற்க இயலாதவர்களுக்கும் வேலை உண்டு. மின்பணியாளர் ஒருவர் பழுது பார்க்கவும், செவிலியர் ஒருவர் கட்டுப் போடவும், உழவர் ஒருவர் விதை தேர்ந்தெடுக்கவும், தபால்துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கணக்கு எழுதவும் மாதம் ஒரு மாலை வந்து கற்றுத்தந்தால், பிள்ளைகள் பெறும் திறமைச் சின்னங்கள் உண்மையான திறமையின் சின்னங்களாகும்.

ஆர்வமுள்ள வாசகர்கள், தங்கள் மாவட்டத்தின் சாரணர் சங்க அலுவலகத்தையோ அருகிலுள்ள பள்ளியின் சாரண ஆசிரியரையோ அணுகி, உதவியாளராகத் தொடங்கலாம். பின்னணி விசாரிக்கப்படுவதையும் பயிற்சிக்கு அனுப்பப்படுவதையும் இன்முகத்துடன் ஏற்று, வாரத்தில் இரண்டு மணி நேரத்தை ஓராண்டுக்குத் தவறாமல் ஒதுக்க முடியுமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொண்டு, முடியும் என்று தோன்றினால் வரும் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே சென்று பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.